சோதனையில் அகப்படாத சரக்கு

நானும் என் மனைவியும் பிரிந்ததற்கு மாரிகுப்பத்தில் அந்த வருஷம் ஏழு காரணங்கள் வழங்கின. ஏழையும் நான் கேட்டிருக்கிறேன். நான்காவது ரொம்ப நன்றாக இருந்தது. என்னைப் பற்றியதாக இல்லாமல் போயிருந்தால் நானே அதை நாலு பேரிடம் சொல்லியிருப்பேன். உண்மைக் காரணம் அந்த ஏழில் இல்லை. இந்தக் கட்டுரையிலும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளலாம் என்று வாசிக்க உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்துவிட்டால் விளக்கில் எண்ணெயாவது மிஞ்சும். உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது, அந்தக் காரணத்தை ஊர் வாயிலிருந்து எப்படிக் காப்பாற்றினோம் என்பதை மட்டும்தான். காப்பாற்றினோம் என்று சொல்வதும் பெருமைக்குத்தான். என் சாமர்த்தியத்தை நம்பியிருந்தால் அது மறுநாள் காலை பாலகாட் சுரங்கம் வரை போயிருக்கும்.

தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு லைன் என்று பேர். நீளமாக ஒரு கூரை. அதன் கீழே பன்னிரண்டு குடும்பம். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி. தட்டி கண்ணுக்குப் பாதி மறைப்பு. காதுக்கு அதுவும் இல்லை. இதைக் கட்டிய துரை அதற்கு முன்பு மாட்டுக்கொட்டில் கட்டியிருக்க வேண்டும். மாடு பேசாது, ஆகவே தட்டி போதும். எங்களுக்கும் அதுவே போதும் என்று முடிவு செய்தபோது நாங்கள் பேசுகிற ஜாதி என்பது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

நான் டைம் ஆபீசில் குமாஸ்தா. எந்த ஷிப்டில் எத்தனை ஆள் இறங்கினான், எத்தனை ஆள் ஏறினான் என்று எழுதுகிற வேலை. வேலூர்ப் பக்கத்திலிருந்து என்னோடு ரயிலேறி வந்தவர்கள் எல்லாம் பூமிக்குள் போக, நாலு எழுத்துத் தெரிந்த பாவத்துக்கு நான் மட்டும் மேலேயே நின்றுவிட்டேன். லைனில் என்னை ரைட்டர் என்பார்கள். அந்த உத்தியோகத்தின் மகிமையால் எனக்குக் கோடி வீடு கிடைத்தது. மற்றவர்களுக்கு இரண்டு பக்கத்திலும் அண்டை வீடு. எனக்கு ஒரு பக்கத்தில்தான். அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

அந்த வீட்டு அம்மாளின் புருஷன் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிறவர். மலையே இடிந்து விழாமல் தாங்கிப்பிடிக்கத் தெரிந்த மனுஷருக்குத் தன் சம்சாரத்தின் வாயைத் தாங்கிப்பிடிக்கத் தெரியவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்து, உப்பு எங்கே என்று என் மனைவியைக் கேட்டேன். பதில் தட்டிக்கு அப்புறத்திலிருந்து வந்தது.

"அடுக்குப் பானைக்குப் பின்னால பாருங்க, ரைட்டரய்யா. அந்தப் பொண்ணு காலையிலதான் எடத்த மாத்துச்சு."

உப்பு அங்கேதான் இருந்தது.

ஊரைப் பழிக்கிறவன் தன் கணக்கையும் சொல்ல வேண்டுமல்லவா. லைனில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். ஊரிலிருந்து வருகிற கடிதங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் படித்துச் சொல்வேன், பதிலும் எழுதுவேன். யாருடைய தங்கை யாரோடு போனாள், யாருடைய அப்பன் யார் நிலத்தில் வேலி போட்டான், எந்த மகன் எந்தச் சிறையில் இருக்கிறான் என்பதெல்லாம் என் தலைக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அதை நான் வெளியே விட்டதில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். பேர் சொல்லாமல் விட்டிருக்கிறேன். லைனில் பேர் சொல்லாமல் ஒன்றைச் சொன்னால், சாயங்காலத்துக்குள் பேரை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

இது போதாதென்று, பங்களாக்களிலிருந்து எறியப்பட்ட பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளைப் பொறுக்கிவந்து படிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. படிக்கிறவன் சும்மா படித்துவிட்டு மூடிவைக்கக் கூடாதா? வெள்ளைக்காரர்கள் கோர்ட்டில் விவாகரத்து வழக்கு நடத்துவதை அந்தப் பத்திரிகைகள் விடாமல் போடும். யார் யாருக்கு எழுதிய கடிதம், எந்த ஓட்டலில் எந்த அறை, வேலைக்காரி கதவுச் சந்தில் என்ன பார்த்தாள், எல்லாம் விவரமாக இருக்கும். நான் அதைத் தமிழில் சொல்வேன். கொஞ்சம் உப்புக் காரம் கூட்டியே சொல்வேன். கடிதம் படிக்க வந்தவர்கள் கடிதத்தை மறந்து உட்கார்ந்திருப்பார்கள். துரைகளின் படுக்கையறை எங்கள் லைனுக்குப் பதின்மூன்றாவது வீடாக இருந்தது. நான் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், எனக்கும் பெரிய வித்துவான் என்று நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு துரைசானியின் கதையைச் சொல்லி முடித்து, கூட்டம் கலைந்து, நான் உள்ளே வந்தபோது என் மனைவி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் சிரித்திருக்கவில்லை. தலையைத் தூக்காமல் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அந்தம்மா இப்ப எங்க இருக்குது?"

பத்திரிகையில் அது போடவில்லை என்றேன். அவள் மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள். அவளுக்கு ரசனை போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம், இது நடக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்துபோயிற்று. அடிதடி இல்லை, கூச்சல் இல்லை. இருந்திருந்தால் லைன் திருப்தியடைந்திருக்கும். பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், பேசத்தான் இடமில்லை. வீட்டுக்குள் மூச்சு விட்டால் பக்கத்து வீட்டில் அடுப்பூதுகிற சத்தம் நின்றுவிடும். கோயிலில் கூட்டம், கிணற்றடியில் அதைவிடக் கூட்டம். கடைசியில் இடத்தைக் கண்டுபிடித்தது அவள்தான்.

தங்கப் பாறையைப் பொடி பண்ணுகிற மில் ஒன்று எங்கள் லைனுக்கு அரை மைலில் இருந்தது. வரிசையாக இரும்பு உலக்கைகள். இரவு பகல், ஞாயிறு திங்கள் என்று பாராமல் இடித்துக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் நின்றால் நம் பல் ஆடுவது நமக்குத் தெரியும், நம் குரல் தெரியாது. ஒரு மத்தியானம் அங்கே, தகரச் சுவர் ஓரமாக நின்று, ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்திப் பேசினோம். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்தார்கள், கேட்க முடியவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக நாங்கள் மனம்விட்டுப் பேசிய இடம் பூலோகத்தில் அது ஒன்றுதான். அத்தனை நெருக்கமாக நாங்கள் நின்றதும் அதற்கு முன்பு ரொம்ப நாளாக இல்லை.

பிரிந்துவிடுவது என்று ஐந்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் விஷயம்.

"எதுக்குன்னு மட்டும் யாராண்டயும் சொல்லாதீங்க. எங்க அண்ணனாண்டகூட. நான் அங்க போயி பொழைக்கணும்."

அங்கே என்றால் பேத்தமங்களா. அவள் அண்ணன் ஏரிக்குக் கீழே கொஞ்சம் காய்கறி பயிரிடுகிறவர். பேத்தமங்களாவிலிருந்து கூடைக்காரிகள் நாள் தவறாமல் எங்கள் சந்தைக்கு வருவார்கள். கத்தரிக்காயை இறக்கிவிட்டுக் கதையை ஏற்றிக்கொண்டு போவார்கள். இங்கே மத்தியானம் பஞ்சாயத்துச் சபையில் சொல்கிற வார்த்தை இருட்டுவதற்குள் அங்கே ஏரிக்கரைக்குப் போய்விடும். எங்கள் காரணம் குற்றமும் அல்ல, பாவமும் அல்ல. ஆனால் நாலு வாய் மாறினால் ஒரு பெண்ணை அதற்கப்புறம் யாரும் ஒரு வீட்டுக்குள் சேர்க்க முடியாதபடி செய்துவிடக்கூடிய காரணம். எனக்கு ஒன்றும் ஆகாது. ஆண்பிள்ளைக்கு என்ன ஆகும்? பத்து நாள் சிரிப்பார்கள். அவளுக்குத்தான் ஆயுசு முழுக்க.

சரி, சொல்லவில்லை என்று அவள் காதில் கத்தினேன். கத்தின பிறகுதான் அதில் இருந்த சிக்கல் எனக்கு உறைத்தது.

எங்கள் ஜனங்களுக்குள் பிரிவதற்குக் கோர்ட்டு கிடையாது. லைன் பஞ்சாயத்து கூடும். புருஷன் எழுந்து நின்று, இன்ன குறையினால் இவளோடு வாழ முடியாது என்று சபையறியச் சொல்ல வேண்டும். சபை அதை நன்றாகக் கேட்டு, திருப்பிக் கேட்டு, இன்னும் கொஞ்சம் விளக்கமாகக் கேட்டு, போதுமென்று பட்டால் ஒரு துரும்பைக் கொடுக்கும். அதை அவன் இரண்டாகக் கிள்ளிப் போட்டால் உறவு அற்றது. அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். குறை சொல்லாவிட்டால் துரும்பு இல்லை. துரும்பு இல்லாமல் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனால் ஓடிவந்தவள் என்று பேர். பெண்ணையும் கேட்பார்களா என்றால், புருஷன் மேல் கேள்வி முடிந்துவிட்டால் பெண்ணைக் கேட்பதில்லை. அவள் பேச்சுக்கு எங்கள் சபையில் அவ்வளவு மதிப்பு.

அந்தப் பஞ்சாயத்துக்குப் பெரியதனக்காரராக இருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குப் பிழைப்பு சோதனைக் கொட்டகையில். பூமிக்குள்ளிருந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டு ஆட்களை மேலே கொண்டுவந்து கொட்டியதும், ஒவ்வொருவனும் அந்தக் கொட்டகை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். எவனாவது தங்கம் ஒட்டின கல்லை ஒளித்துக்கொண்டு போகிறானா என்று பார்க்கிறவர் இவர். குடுமியை அவிழ்த்து உதறுவார். வாய்க்குள் விரலை விட்டு நாக்கைத் தூக்குவார். கக்கம், கோவணம், கால் விரல் இடுக்கு. ஒன்றும் அகப்படவில்லை என்றால் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவார். போகலாம் என்று அர்த்தம்.

அந்தத் தட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. தட்டின ஆளைத் திரும்பக் கூப்பிடக் கூடாது. முன்பு ஒரு தடவை, தட்டி அனுப்பின ஒருவனைக் கூப்பிட்டு மறுபடி சோதனை போட்டபோது அவன் மடியில் கல் அகப்பட்டதாம். இரண்டாம் தடவை கை விட்டவனே வைத்துவிட்டான் என்று ஆட்கள் மூன்று நாள் கேஜில் ஏறவில்லை. அதற்கப்புறம் துரையே இந்தச் சட்டத்தைப் போட்டார். குடுமி முதல் கால் வரை தங்களுடையது என்று எதையும் வைத்துக்கொள்ள முடியாத எங்கள் ஆட்களுக்கு அந்த இரண்டு தட்டு ஒன்றுதான் சொந்தம். அதற்கு அவர்கள் கொடுக்கிற மரியாதையைச் சாமிக்குக் கொடுத்தார்களா என்பது சந்தேகம்.

பதினோரு வருஷம் பிறர் வாய்க்குள் விரலை விட்டவருக்கு எந்த மனுஷனைப் பார்த்தாலும் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்றுதான் தோன்றும். அவரைப் பெரியதனக்காரராக்கினார்கள். அவரால் தினமும் துகிலுரியப்படுகிறவர்களே கையைத் தூக்கி ஆக்கினார்கள். கொட்டகையில் தங்களுக்கு நடப்பது வேறு யாருக்காவது நடப்பதைப் பார்க்கக் கிடைக்கிற இடம் பஞ்சாயத்து ஒன்றுதான் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் தரைக்கு மேல் உத்தியோகம் பார்க்கிறவன் என்பதால் கொட்டகைக்குள் போனதே இல்லை. ஜன்னல் வழியாக அந்த வரிசையைப் பார்த்து, மனுஷ சுபாவத்தைப் பற்றி உயர்ந்த சிந்தனைகள் செய்திருக்கிறேன்.

அடுத்த வாரம் மறுபடி மில்லுக்குப் போனோம். அந்த வாரம் முழுக்க யோசித்து நான் ஒரு பொய் தயார் செய்திருந்தேன். ஜாதகத்தை எழுதினவன் நட்சத்திரத்தைத் தப்பாக எழுதிவிட்டான், பொருத்தம் இல்லை என்று சொல்வது. அருமையான பொய், ஒருவருக்கும் கெடுதல் இல்லாதது. அவள் காதில் கத்தினேன். அவள் என் காதைத் தேடிக் கத்தினாள்.

"பொய் சொன்னா சாட்சி கேப்பாங்க. ஜோசியனுக்கு எங்க போவீங்க?"

அதை நான் யோசிக்கவில்லை. படித்தவன் பொய்யில் நடையழகைத்தான் பார்க்கிறான், சாட்சியை மறந்துவிடுகிறான். உடனே இரண்டாவது யோசனையை எடுத்தேன். இது எனக்கு இன்னும் பிடித்தது. பெரியதனக்காரரின் ஊரிலிருந்து வந்த ஒரு கடிதம் நான் படித்துச் சொன்னது; அதில் இருந்த சங்கதியை அவரும் நானும் தவிர லைனில் யாரும் அறியார்கள். சபையில் அவர் ரொம்ப நெருக்கினால் அந்தக் கடிதத்தை ஞாபகப்படுத்துகிற மாதிரி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனுஷர் துரும்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார்.

என் மனைவி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அத்தனை உலக்கைச் சத்தத்திலும் அந்தப் பார்வை எனக்கு நன்றாகக் கேட்டது.

"அவங்க ஊட்டத் தொறந்து உட்டுட்டு நம்ம ஊட்ட மூடறதா? அதுவும் வாணாம்."

வேறு என்னதான் செய்வது என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாதீர்கள் என்றாள். கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள், மறுபடி கேட்டால் மறுபடி இல்லை என்று சொல்லுங்கள், கேட்கிறவர்களுக்கே அலுத்துப்போகும் என்றாள். இவ்வளவு சாதாரணமான யோசனையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இதற்குள் லைனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் மில்லுக்குப் போய்க் காதைக் கடித்துக்கொள்கிறார்கள், வீட்டில் சண்டையே போடுவதில்லை, ஏதோ பெரிய விஷயம் என்று பேச்சு. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு நாள் என் மனைவிக்குக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்து, வயிற்று வலியா, மன வலியா என்று விசாரித்தாள். மில்லுக்குப் போனால் தலைவலி வருமே, உனக்கு வருவதில்லையா என்றும் கேட்டாளாம். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்ததைத் தவிர என் மனைவி வேறு ஒன்றும் கொடுக்கவில்லை.

பஞ்சாயத்து நாள் வந்தது. லைன் கோடியிலிருந்த புங்க மரத்தடி. சாயங்கால ஷிப்டுக்குச் சங்கு ஊத இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. காலை ஷிப்டு முடித்துக் குளிக்காமலே வந்தவர்கள், சாயங்கால ஷிப்டுக்குச் சோற்றுத்தூக்கோடு வந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். என் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு அவ்வளவு கூட்டம் ஒரு நாளும் வந்ததில்லை. எல்லாருக்கும் அதே முகம். நான் துரைகளின் கதையை எடுக்கும்போது கொஞ்சம் முன்னால் சாய்வார்களே, அந்தச் சாய்வு. அதைக் கற்றுக்கொடுத்த வாத்தியாரான நான் அன்று நடுவில் நின்றேன். கூட்டத்தைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட அருவருப்பில் பாதியை நான் எனக்கே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

என் மனைவி தன் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் நல்ல மனுஷர்; தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியதனக்காரர் துரும்பைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ரைட்டரே, சபையில மறைக்கக் கூடாது. குறை இன்னா?"

குறை ஒன்றும் இல்லை என்றேன்.

கூட்டத்தில் ஒரு முனகல். அவர் என்னைச் சுற்றி வந்தார். சோறு பொங்கவில்லையா என்று கேட்டார். பொங்கினாள் என்றேன். எதிர்த்துப் பேசினாளா? இல்லை. வேறு ஆளா? இல்லை. உனக்கு வேறு பெண்ணா? இல்லை. பிள்ளையில்லாத குறையா, டாக்டரிடம் போனீர்களா, மந்திரிக்கிறவனிடம் போனீர்களா? இல்லை. ஒவ்வொரு கேள்வியையும் கேட்டுவிட்டு ஒரு அடி தள்ளி நின்று பார்ப்பார். அப்புறம் அடுத்த பக்கம் வருவார். குடுமி, வாய், கக்கம் என்று வரிசையாகப் போகிற அதே நடை. கேள்விகள் கீழே இறங்க இறங்க மிகவும் கீழே இறங்கின. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. கேட்கிறவர்களுக்கு வெட்கம் இல்லை, பதில் சொல்கிறவனுக்குத்தான் காது சுட்டது. ஒரு மனுஷனை ஒரு துணி அவிழ்க்காமலும் அம்மணமாக நிற்க வைக்க முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது இது தெரியவில்லை.

இல்லை, இல்லை, இல்லை. அதற்குமேல் இல்லை.

நடுவே ஒரு தடவை அந்தக் கடிதம் என் நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் தோளுக்கு மேலாக அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினேன்.

கடைசிக் கேள்விக்கும் இல்லை என்றேன். பெரியதனக்காரரிடம் கேள்வி தீர்ந்துபோயிற்று. என் முன்னால் வந்து நின்று, மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு, பதினோரு வருஷமாகத் தினமும் முந்நூறு பேருக்குச் செய்கிற கை, சொந்தக்காரரைக் கேட்காமலே எழுந்து வந்து, என் தோளில் இரண்டு தட்டுத் தட்டியது.

கூட்டம் எழுந்துவிட்டது.

யாரும் யோசித்து எழுந்ததாக நான் நினைக்கவில்லை. தட்டுச் சத்தம் கேட்டதும் கால்கள் எழுந்தன. ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டார்கள். இரண்டு பேர் வரிசை நகர்கிறது என்று நினைத்து ஒரு அடி முன்னாலேயே வந்துவிட்டார்கள். பெண்கள் மட்டும் என்ன நடந்தது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரியதனக்காரர் தன் கையைப் பார்த்தார். அது வேறு யாருடைய கையோ மாதிரி பார்த்தார். உட்காருங்கடா, இன்னும் முடியவில்லை என்று அதட்டினார். ஒருவரும் உட்காரவில்லை. பாறையில் துளை அடிக்கிற ஒருவர், வாரத்தில் ஆறு நாள் பெரியதனக்காரரின் விரலை வாயில் வாங்குகிறவர், மெதுவாகச் சொன்னார்:

"தட்டிட்டீங்க, மாமா. சோதன முடிஞ்சிது, போவ உட்டுடணும்."

"அது கைப் பழக்கம்டா. அது தட்டினதுல சேர்த்தியா?"

"அப்ப நாளைக்கு கொட்டாயில என்னயும் தட்டிட்டு, கைப் பழக்கம்னு சொல்லி திரும்பக் கூப்புடுவீங்களா?"

பெரியதனக்காரர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அத்தனை பேரும் அவர் தினமும் தொட்டுப் பார்க்கிற உடம்புகள். என் காரணத்தைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு இருந்த பசியில் ஒரு மாற்றமும் இல்லை. சாகிற வரை அந்தப் பசி தீராது என்பதும் அவர்களுக்குத் தெரியும். இருந்தும் ஒருவர் உட்காரவில்லை. என் மேல் இருந்த பிரியத்தால் அல்ல. என் மானத்தைக் காப்பாற்ற அவர்களில் ஒருவன் ஒரு சுருட்டைக்கூடக் கீழே போட்டிருக்க மாட்டான். தங்கள் தட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதன் நிழலில் நான் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவர்களை வாயார வைது ஒரு பக்கம் எழுதலாம் என்றுதான் இதை ஆரம்பித்தேன். இந்த இடத்தில் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

என் சிரமத்தைத் தீர்க்கப் பக்கத்து வீட்டு அம்மாள் எழுந்தாள்.

"அதெப்படிங்க? காரணமே வெளிய வரலியே. நான் அடுப்ப அணைச்சிட்டு வந்து குந்திகினு இருக்கறேன்."

அவள் புருஷனே அவளை உட்காரச் சொன்னார். முட்டுக்கொடுக்கிற வேலையை அவர் வீட்டு விஷயத்தில் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பெண்ணையாவது கேட்கலாம் என்று பெரியதனக்காரர் அந்தப் பக்கம் திரும்பினார். புருஷன் மேல் கேள்வி முடிந்தால் பெண்ணைக் கேட்பதில்லையே என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அவள் பேச்சுக்கு மதிப்பில்லாத சட்டம் அவள் ஆயுசில் அவளுக்கு உதவியது அன்று மட்டுமாகத்தான் இருக்கும். அவள் எழுந்து நின்று, கையை நீட்டி, ஒரு சாமானை ஞாபகப்படுத்துகிற குரலில் சொன்னாள்:

"துரும்பக் குடுங்க. சங்கு ஊதப் போவுது."

சங்கு நிஜமாகவே ஊதியது. சோற்றுத்தூக்கோடு வந்தவர்கள் நகர ஆரம்பித்தார்கள். பெரியதனக்காரர் காதிலிருந்த துரும்பை எடுத்து என் கையில் வைத்தார். கிள்ளினேன். காய்ந்த துரும்பு, சத்தமே வரவில்லை. மூன்று வருஷம் முடிகிறபோது ஏதாவது ஒரு சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது.

அன்றே அவள் அண்ணன் மாட்டுவண்டியைக் கொண்டுவந்தார். ஒரு பெட்டி, ஒரு முறம், இரண்டு பானை. வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். சுற்றிலும் ஜனம், பக்கத்தில் மில் இல்லை. சொல்லவில்லை. அது என்னவாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றைக்கும் ஆசைதான். நானும் அந்த லைன்காரன்தானே.

அதற்கப்புறம் ஏழு காரணங்கள் புறப்பட்டதை முதலிலேயே சொன்னேன். நான் கிறிஸ்துவனாகப் போகிறேன் என்பது ஒன்று. மில்லுக்குப் பக்கத்தில் நின்று அவள் செவிடாகிவிட்டாள் என்பது ஒன்று. நான் தூக்கத்தில் இங்கிலீஷ் பேசுகிறேன், அதைக் கேட்டுப் பயந்துவிட்டாள் என்பது அந்த நான்காவது. ஒன்றையும் நான் மறுக்கவில்லை. மறுத்தால் மிச்சம் எது என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடிதம் மட்டும் படித்தேன். பத்திரிகையில் துரைமார் கதை உண்டா என்று கேட்டவர்களிடம் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பேர் சொல்லாமல் பேசுகிற வழக்கத்தையும் விட்டேன். அதை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. லைன் என்னைச் சுவாரசியம் இல்லாதவன் என்று சீக்கிரமே கைவிட்டது.

இரண்டு மூன்று வருஷம் கழிந்திருக்கும். ஒரு நாள் காலை பேத்தமங்களாக் கூடைக்காரி ஒருத்தி என் வாசலில் கூடையை இறக்கினாள். புதிதாக வருகிறவள். விலை கேட்பதற்கு முன்பே குரலைத் தாழ்த்தினாள். அவர்களுக்குக் குரல் தாழ்ந்தால் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். என் மனைவியாக இருந்தவளை ஏரிக்கரைப் பக்கம் ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறார், நன்றாக இருக்கிறாள் என்றாள். இன்னும் கிட்டே வந்தாள்.

"அது எதுக்குங்க உங்கள உட்டு வந்துச்சு? நாங்களும் கேட்டுப் பாத்துட்டோம். ஊர்ல யாருக்குமே தெரியல. அது வாயே தொறக்க மாட்டுது."

ஊரில் யாருக்குமே தெரியவில்லை. அந்த வார்த்தையை அவளை இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று இருந்தது. எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு, கூடையில் இருந்ததில் பாதியைக் கொட்டச் சொன்னேன். அவள் சந்தேகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டே என் துண்டில் கொட்டினாள். பளபளவென்று நல்ல கத்தரிக்காய்.

தட்டிக்கு அப்புறத்திலிருந்து குரல் வந்தது.

"ரைட்டரய்யா, கத்தரிக்கா உங்களுக்கு ஆவாதே. உடம்பெல்லாம் அரிக்குமே."

ஆமாம் அம்மா என்றேன். எல்லாமே உங்களுக்குத் தெரிகிறது என்றேன்.